பழைய பக்கத்தை அழிப்பதா, ஒதுக்குவதா, முத்திரை குத்தி வைப்பதா?

மீன்பிடி தடைக்காலம் எத்தனை நாள் என்று கேட்டால் பாம்பனில் சின்னப் பையன்கூட 61 என்று சொல்லிவிடுவான். ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை. ஆனால் 2016 வரைக்கும் அது 45 நாள்தான், மே கடைசியில் முடிந்துவிடும். 2017-ல்தான் 61 ஆனது. அந்த 45 நாள் காலத்தில் போட்ட அறிவிப்போ நிவாரண விண்ணப்பமோ ஏதாவது ஓர் அரசுத் தளத்தின் மூலையில் இன்னும் கிடந்தால், அது பழசு என்று கூகுளுக்கு எப்படித் தெரியும்? கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்துவிடும். தங்கச்சிமடத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஓர் அக்கா அப்படித்தான் பழைய விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்து, நிரப்பி, போட்டோ ஒட்டி, பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு, "இது பழைய ஃபாரம்மா, செல்லாது" என்ற பதிலோடு திரும்பி வந்தார். உங்கள் தளத்தில் இருந்துதானே எடுத்தேன் என்று அவர் கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

இந்த மாதிரிப் புகார் நாலு சேர்ந்ததும் மேலிடத்தில் இருந்து ஒரு கடிதம் வரும்: தளத்தில் உள்ள காலாவதியான தகவல்களை உடனே நீக்கி அறிக்கை அனுப்பவும். அப்புறம் என்ன, கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரே மத்தியானத்தில் கண்ணில் பட்ட பழசையெல்லாம் அழித்துத் தள்ளுவார். அறிக்கையும் போய்விடும். எனக்கு இந்த இரண்டாவது காரியம்தான் முதலாவதைவிடப் பெரிய தொல்லையாகத் தெரிகிறது. பழைய பக்கம் கிடந்தால் ஒருவர் ஏமாறுவார், பிறகு சரியானது எது என்று தெரிந்துகொள்வார்; அழித்துவிட்டால் அது இருந்தது என்றே யாரும் நிரூபிக்க முடியாது.

சரி, என்னதான் வழி இருக்கிறது? அப்படியே விட்டுவிடலாம். அழிக்கலாம். அதே பக்கத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை எழுதலாம். காப்பகம் என்று தனியாக ஒரு பகுதி வைத்து அங்கே தள்ளலாம். இருக்கும் இடத்திலேயே விட்டு, தலையில் ‘இது இப்போது செல்லாது’ என்று எழுதி வைக்கலாம். வெளியே யாராவது படியெடுத்து வைத்திருப்பார்கள் என்று நம்பி இருப்பவர்களும் உண்டு, அதையும் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்வோம். பணம், நிலம், கடல் எல்லை, உரிமை சம்பந்தப்பட்ட எதற்கும் தலையில் எழுதி வைப்பதுதான் என் தேர்வு. மற்றவற்றுக்கும் இடம் இருக்கிறது, ஆனால் அவரவர் நினைக்கும் இடத்தில் இல்லை.

அப்படியே விடுவதில் ஒரே நன்மை, வேலை இல்லை. அதன் கேடு தெரிய வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கடற்கரையில் இருந்து பார்க்க வேண்டும். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் போதும், வாட்ஸ்அப்பில் அறிவிப்புகள் பறக்கத் தொடங்கும். ‘மீனவர்கள் நாளை கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று முத்திரையோடு ஒரு தாள் வரும், அந்த ‘நாளை’ எந்த வருடத்து நாளை என்று பார்த்தால், தேதி கீழே இடது மூலையில் மங்கலாக, ஸ்கேனில் பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கும். ஐஸும் டீசலும் ஏற்றி வைத்துவிட்டு நிற்பவருக்கு அது ஒரு நாள் பிழைப்பு. இரண்டு தடவை இப்படி நடந்தால் மூன்றாவது தடவை உண்மையான எச்சரிக்கை வரும்போது, ‘பழசு எதையாவது சுத்த விட்டிருப்பான்’ என்று படகை எடுத்துவிடுவார்கள், அதுதான் பயம். ஆகவே இந்த வழியை இத்தோடு விடுவோம்.

அழிப்பது. இதற்குச் சரியான இடம் ஒன்று உண்டு, அங்கே தயங்கவே கூடாது: பயனாளிகள் பட்டியல். வீடு கட்டும் திட்டம், நிவாரணம், உதவித்தொகை என்று பெயர், அப்பா பெயர், ஊர், கணக்கு எண்வரை அட்டவணையாகப் போட்டு வைத்த தாள்கள். மத்திய, மாநில அரசுகளின் 210 தளங்களில் ஆதார் பயனாளிகளின் விவரம் வெளியே தெரியும்படி கிடந்தது என்று 2017-ல் ஆதார் ஆணையமே ஒப்புக்கொண்டது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டமும் வந்துவிட்டது. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று காட்ட வேண்டியது கடமைதான், அதற்கு ஊர்வாரியாக எண்ணிக்கையும் தொகையும் போதும். வேலை முடிந்த பட்டியலில் ஒரு மனிதரின் வங்கிக் கணக்கு எண் ஊர் பார்க்கக் கிடக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் அழித்தோம் என்று சொல்வதில் பெரும்பாலும் என்ன நடக்கிறது தெரியுமா? மெனுவில் இருந்து இணைப்பை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். பிடிஎஃப் கோப்பு சர்வரில் அதன் பழைய முகவரியிலேயே இருக்கும். தளத்துக்குள் போய்ப் பார்க்கும் அதிகாரிக்குக் காணாமல் போயிருக்கும், கூகுளில் தேடுபவருக்கு முதல் பக்கத்திலேயே வரும். நேர்மாறாக, எது கிடைக்க வேண்டுமோ அதை உண்மையிலேயே அழித்துவிட்டு, அந்த முகவரிக்கு யார் வந்தாலும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி விடுகிற பழக்கமும் உண்டு. 2015-ல் ஒரு அரசாணையைக் குறித்து வைத்திருந்தவர் அதைத் திறந்தால் திறப்புவிழாப் படங்கள் ஓடிக்கொண்டிருக்கும். அது நீக்கப்பட்டதா, இடம் மாறியதா, நம் போனில் கோளாறா என்று எதுவும் தெரியாது. அழித்தால் ‘இந்தப் பக்கம் நீக்கப்பட்டது, இந்தத் தேதியில், இந்தக் காரணத்துக்காக’ என்று ஒரு வரியாவது அந்த முகவரியில் நிற்க வேண்டும். ‘இல்லை’ என்று சொல்வதற்கு 404 என்றும், ‘இருந்தது, வேண்டுமென்றே எடுத்துவிட்டோம்’ என்று சொல்வதற்கு 410 என்றும் தனித்தனி எண்களே இணையத்தில் இருக்கின்றன. இந்த இரண்டாவதை எந்த அலுவலகத் தளத்திலும் நான் பார்த்த ஞாபகம் இல்லை.

பழைய எச்சரிக்கைகளையாவது அழித்துவிடலாமே என்று தோன்றும். ஒக்கி புயலை நினைத்துப் பாருங்கள். 2017 நவம்பர் கடைசியில் கன்னியாகுமரி மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தபோது எச்சரிக்கை எப்போது கொடுக்கப்பட்டது, நேரத்துக்குக் கொடுக்கப்பட்டதா என்பதுதான் பிறகு நடந்த அத்தனை சண்டைக்கும் மையம். அந்த மாதிரி நேரத்தில் எந்த மணிக்கு எந்த அறிவிப்பு வெளியானது என்று காட்டுகிற பக்கம் இல்லாவிட்டால் மக்கள் பக்கமும் நிரூபிக்க முடியாது, அரசு பக்கமும் முடியாது. 2020 டிசம்பரில் புரெவி பாம்பன் பக்கம் வந்து வலுவிழந்தது. அன்றைக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை, படகு கட்டிக் கிடக்கும்போதுதான் சேதமானது என்று சொல்ல வேண்டிய ஒருவருக்கு அந்த நாளின் அறிவிப்புதான் சாட்சி. ஆக, எச்சரிக்கை முன்பக்கத்தில் இருந்து மணிக்கணக்கில் இறங்க வேண்டும், பதிவில் இருந்து இறங்கவே கூடாது.

இங்கேதான் ‘பழசு’ என்பதை வயதால் அளப்பது எவ்வளவு தவறு என்று புரியும். மன்னார் வளைகுடாக் கடல்வாழ் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது 1986-ல், 21 தீவுகளோடு. பாசி எடுக்கப் போகிற சின்னப்பாலம் பெண்கள் எந்தத் தீவில் கால் வைக்கலாம், எதில் கூடாது என்பதை இன்றைக்கும் அந்த எல்லைதான் முடிவு செய்கிறது. கடல் அட்டை பிடிக்கத் தடை 2001-ல் வந்தது, இன்னும் அதில் வழக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ‘மூன்று வருடத்துக்கு மேற்பட்டவை நீக்கப்படும்’ என்று ஒரு விதியைப் போட்டால் முதலில் காணாமல் போவது இவைதான். போன வாரத்துக் காற்று எச்சரிக்கை அப்படியே நிற்கும்.

மேலேயே திருத்தி எழுதுவது சிலவற்றுக்கு மிக நல்லது, சிலவற்றுக்கு ஆபத்து. சுற்றுலாப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை 2017-ல் வந்துவிட்டது. அதற்கு முன்பு மணலில் வேனில் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும். ‘வாடகை வேனில் மட்டுமே செல்ல முடியும்’ என்று ஒரு பக்கம் இன்னும் சொன்னால் அதை யாருக்காகவும் பாதுகாக்க வேண்டாம், அழித்து எழுதிவிட்டுப் போகலாம். இராமேஸ்வரத்துக்கு ரயில் உண்டு என்ற வரியின் கதை இன்னும் வேடிக்கை. 1914 பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது, புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. அதாவது அந்த ஒற்றை வரி பல காலம் சரியாக இருந்து, இரண்டேகால் வருடம் பொய்யாக இருந்து, கை வைக்காமலே மறுபடி உண்மையாகிவிட்டது. அதைத் திருத்தாமல் விட்டவர் யாரோ, அவருக்கு நல்ல நேரம். நடுவில் அதை நம்பி வந்து மண்டபத்தில் இறக்கிவிடப்பட்டவர்களுக்கு அவ்வளவு நல்ல நேரம் இல்லை.

ஆனால் தொகைக்கும் தேதிக்கும் இந்த வழி வேண்டாம். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் ஆக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அதற்காகப் பழைய பக்கத்தில் 5,000 என்று இருந்த இடத்தில் 8,000 என்று மாற்றி எழுதினால், அதற்கு முந்தைய வருடத்துத் தொகை வரவில்லை என்று மனு போடுகிறவர் எவ்வளவு என்று கேட்பார்? எந்தத் தகுதி விதியின்படி அவரை நிராகரித்தார்கள் என்று எதை வைத்துப் பார்ப்பது? கடற்கரை ஒழுங்குமுறை மண்டலமும் அப்படித்தான். 1991-ல் ஓர் அறிவிக்கை, 2011-ல் ஒன்று, 2019-ல் ஒன்று. 2013-ல் கரையோரம் கட்டிய கட்டடத்தின் மேல் இன்றைக்குத் தகராறு வந்தால் அப்போது இருந்த விதியையும் அப்போதைய வரைபடத்தையும் எடுத்துக்கொண்டுதான் பேச வேண்டும். புது வரைபடம் வந்ததும் பழையதன் மேலேயே அதே கோப்புப் பெயரில் ஏற்றிவிடுவது அலுவலகத்துக்கு வசதி, ஒரு குப்பத்துக்கு ஆதாரம் போனது போனதுதான். வரைவு வரைபடங்களையும் தூக்கிவிடுகிறார்கள். வரைவில் இருந்த வலை உலர்த்தும் இடம் இறுதியில் எப்படிக் காணாமல் போனது என்று கேட்க வேண்டுமானால் வரைவு கையில் இருக்க வேண்டுமே.

காப்பகப் பகுதி என்பது மேலே சொன்னவற்றுக்கெல்லாம் தயார் மருந்து மாதிரி தோன்றும். இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2009-லேயே வந்தன, மூன்றாம் பதிப்பு 2023-ல். ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு காப்பகக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது அதில் உண்டு. தேசியத் தகவல் மையம் கொடுக்கும் எஸ்3வாஸ் அமைப்பில்தான் மாவட்டத் தளங்கள் பலவும் ஓடுகின்றன. அதில் அறிவிப்பைப் போடும்போதே முடிவு தேதியையும் போட்டுவிட்டால் அந்த நாள் வந்ததும் அதுவே காப்பகப் பட்டியலுக்குப் போய்விடும். வேலைவாய்ப்பு, ஒப்பந்தப்புள்ளி இரண்டுக்கும் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. கரையை அலை அரிக்காமல் இருக்கக் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு உடைந்து கிடக்கும்போது, இதை எவ்வளவுக்கு விட்டார்கள், எத்தனை மீட்டருக்கு விட்டார்கள் என்று ஊரில் ஒருவர் தேடிப் பார்க்க அந்தப் பழைய ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு கிடைத்தால் போதும், பாதிப் பேச்சு அங்கேயே முடியும்.

தொல்லை என்னவென்றால், காப்பகத்துக்குள் போனது கிடைப்பதில்லை. பட்டியலைத் திறந்தால் தலைப்பு ‘அறிவிப்பு’, அடுத்ததும் ‘அறிவிப்பு’, அதற்கடுத்தது ‘செய்தி வெளியீடு’. திறந்தால் சாய்வாக ஸ்கேன் செய்த ஒரு தாள், பச்சை மையில் சுருக்கொப்பம், மேலே ந.க.எண் இருக்கிற இடத்தில் பஞ்ச் ஓட்டை. அது வெறும் படம்தான், உள்ளே இருக்கிற ஒரு சொல்லைத் தேட முடியாது, பார்வையற்றவர் ஒருவரின் போன் அதைப் படித்தும் காட்டாது. இன்னொரு வகை, 2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்பதற்கு முந்தையது. வானவில் மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு கிறுக்கல். தமிழில் எழுதிய ஆணை, தமிழில் தேடினால் வராது. காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது என்று அலுவலகம் சொல்வதில் பொய் இல்லை, ஆனால் நமக்கு அது இல்லாத மாதிரிதான். அமெரிக்காவில் 2024-ல் மாநில, உள்ளாட்சித் தளங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று விதி போட்டபோது, காப்பகத்துக்கு விலக்குக் கொடுத்தார்கள். அதற்கும் நிபந்தனை உண்டு: தனி இடத்தில், காப்பகம் என்று தெளிவாகக் குறித்து, பார்வைக்கும் ஆய்வுக்கும் பதிவுக்கும் மட்டும் வைத்திருக்க வேண்டும், வைத்தபின் கை வைக்கக் கூடாது. நம்மூரில் இந்த விலக்கை மட்டும் யாராவது கற்றுக்கொண்டு வந்துவிடக் கூடாதே என்று இருக்கிறது.

சரி, தலையில் எழுதி வைக்கும் வழி. பிரிட்டன் அரசின் தளத்தில் பக்கத்தை ‘திரும்பப் பெறுவது’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பக்கம் அதே முகவரியில் இருக்கும், எழுத்து மாறாது, மேலே பட்டையாக ‘இந்தத் தேதியில் திரும்பப் பெறப்பட்டது’ என்று காரணத்தோடு நிற்கும். முழுசாக நீக்குவது அங்கே தனி வழி, தவறாக வெளியிட்டுவிட்டவை போன்றவற்றுக்கு. நமக்கு இந்த முறை ஏன் பொருந்தும் என்றால், இங்கே பழைய முகவரி எங்கெல்லாம் குறித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சங்கத்தின் மனுவில், வழக்கறிஞர் குறிப்பில், இ-சேவை மையத்துச் சுவரில் ஒட்டிய தாளில் எல்லாம் இருக்கும். அந்த முகவரி உயிரோடு இருந்தால்தான் அங்கே வருகிறவரைப் புதிய இடத்துக்கு அனுப்ப முடியும். பட்டையில் என்ன எழுத வேண்டும் என்பதும் எளிதுதான்: ‘இது 2016 தடைக்காலத்துக்கான அறிவிப்பு. 2017 முதல் தடைக்காலம் 61 நாள். நடப்பு அறிவிப்பு இங்கே. 2016-க்கான கோரிக்கைகளுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தவும்.’ நாலு வரி. ‘காலாவதியானது’ என்று ஒற்றைச் சொல்லைச் சிவப்பில் போட்டுவிட்டுப் போவது பாதி வேலை.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, பிரிட்டன்காரர்களுக்கு அது அவ்வளவாக இருக்காது. இங்கே பக்கத்தை யாரும் பக்கமாகப் பார்ப்பதில்லை. ஒருவர் பிடிஎஃப்பை இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போடுவார், அது மண்டபத்தில் இருந்து தொண்டி வரை போய்ச் சேரும். மேலே இருக்கும் பட்டை அதோடு போகாது. ஆகவே முத்திரை கோப்புக்குள்ளேயே, ஒவ்வொரு தாளிலும், குறுக்கே விழ வேண்டும். கோப்பின் பெயரிலும் வருடம் இருக்க வேண்டும். ‘ஸ்கேன்12’ என்ற பெயரில் வரும் தாளுக்கு வருடம் ஏது? விண்ணப்பப் படிவமாக இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போய், விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிரப்பும் தாளை எடுத்துவிட வேண்டும். செல்லாத படிவத்தை வைத்து யாரும் எந்த உரிமையையும் நிரூபிக்கப் போவதில்லை, அது பஸ் செலவை மட்டும்தான் வைக்கும். அதே போல, பழைய ஆணையில் இருப்பதைத் ‘திருத்த’ ஆசைப்படவும் கூடாது. 1985-க்கு முந்தைய தாளில் இராமநாதபுரம் மாவட்டம் என்றால் சிவகங்கையும் விருதுநகர்ப் பக்கமும் சேர்ந்தது. அதை இன்றைய எல்லைக்கு ஏற்ப யாராவது அழகுபடுத்திவிட்டால் சிவகங்கைக்காரர் ஒருவர் தன் நில ஆணையைத் தேடியே கண்டுபிடிக்க மாட்டார்.

வெளியே படி இருக்கும் என்ற நம்பிக்கை பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 1996-ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறைய அரசுப் பக்கங்களைப் படியெடுத்து வைத்திருக்கிறது, நானே அதில் இருந்து தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் எதை எடுத்தது, எதை விட்டது என்பது அதன் போக்கு. எண் கொடுத்துத் தேடிப் பார்க்கும் பக்கங்கள் பொதுவாக அதில் வராது. தாலுகா அலுவலகத்தில் போய் அமெரிக்காவில் ஒரு தளத்தில் இருக்கிறது சார் என்று சொல்லிப் பாருங்கள். தளத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றப் போகும்போது மட்டும், மாற்றும் முன்பு எல்லா முகவரிகளையும் அங்கே ஒரு தடவை கொடுத்துவிடுவது நல்லது. காசு இல்லை.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். இதே அலுவலகங்களில் காகிதத்துக்கு இந்த வேலையை நூறு வருடப் பழக்கமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் பிரிவு எழுத்தர் எழுதிவிடுவார். எல்.டிஸ். என்றால் ஒரு வருடம், கே.டிஸ். மூன்று, டி.டிஸ். பத்து, ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். தமிழில் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. அதைப் பார்த்துத்தான் பதிவறையில் கட்டும் சிவப்பு நாடாவும், பிறகு கழிப்பதும். இணையத்தில் ஏற்றும்போது மட்டும் இந்தப் புத்தி எங்கே போய்விடுகிறது? ஏற்றும் அன்றைக்கே ‘இது ஓ.மு.’, ‘இது நி.மு.’ என்று ஒரு கட்டத்தில் குறித்துவிட்டால், ஐந்து வருடம் கழித்து, அதைப் போட்டவர் மாற்றலாகிப் போன பிறகு, எதுவும் தெரியாத ஒருவர் உட்கார்ந்து எதை அழிக்கலாம் என்று யோசிக்க வேண்டிய நிலையே வராது. இடத்துக்கும் பஞ்சமில்லை, பதிவறையில் அலமாரி நிறையும், கரையான் வரும், சர்வரில் பத்தாயிரம் தாள் ஒரு பென் டிரைவில் பாதிகூட வராது.

ஆள் இல்லை என்பார்கள். உண்மைதான், பல இடங்களில் தளத்தைப் பார்த்துக்கொள்பவர் ஒரே ஒருவர், அவருக்கு அதைத் தவிர ஆறு வேலை. அவருக்காகச் சொல்கிறேன்: முதலில் பெயரும் கணக்கு எண்ணும் உள்ள பட்டியல்களை சர்வரில் இருந்தே எடுங்கள், இணைப்பை மட்டும் எடுப்பதில் பயனில்லை. அடுத்து, மழைக்காலம் தொடங்கும் முன்பே, எச்சரிக்கை அறிவிப்புகளுக்கு முடிவு நேரம் போடும் பழக்கத்தை ஆரம்பித்து, பழைய கட்டுப்பாட்டு அறை எண்களைச் சரி பாருங்கள். பிறகு தடைக்காலம், நிவாரணம், படகுப் பதிவு, கடற்கரை வரைபடம் ஆகியவற்றுக்கு முத்திரை. வானவில் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவது பெரிய வேலை, அதற்குத் தனியாக ஆள் கேட்டு எழுதுங்கள், கிடைக்கும் வரை தலைப்பையாவது யூனிகோடில் அடித்து வையுங்கள். போன பொங்கல் வாழ்த்தும் மரம் நடும் விழாப் படங்களும் எப்போது வேண்டுமானாலும் போகலாம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.